‘முன்பே இருந்த நோய்’ என்ற ஒரே வரியில் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் பூனை ஆறு வயது ஆண், கருத்தடை செய்யப்பட்டது. பதினான்கு மாதங்களுக்கு முன்பு அதற்குக் காப்பீடு எடுத்தோம். அண்மையில் ஒருநாள் சிறுநீர் கழிக்க முடியாமல் மணல் தட்டுக்கும் அறை மூலைக்குமாக அலைந்து முனகியதால் அவசர மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். சிறுநீர்ப்பாதை அடைத்துவிட்டது என்று கூறி, கதீட்டர் பொருத்தி மூன்று நாள் உள்நோயாளியாக வைத்திருந்தார்கள். பில்லைக் கட்டிவிட்டுக் கிளெய்ம் அனுப்பினோம். முதலில், குட்டியாக இருந்த நாளிலிருந்து எல்லா மருத்துவக் குறிப்புகளும் வேண்டும் என்றார்கள். பிறகு ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகக் காட்டும் பில். பிறகு படிவத்தில் மருத்துவர் கையெழுத்து. பிறகு ஏற்கெனவே அனுப்பிய குறிப்புகளையே மீண்டும் கேட்டார்கள். தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் வேறொருவர் பேசுகிறார். இரண்டு மாதம் கழித்து, ‘முன்பே இருந்த நோய் என்பதால் நிராகரிக்கப்படுகிறது’ என்று ஒரு வரி வந்தது. காப்பீடு எடுப்பதற்கு எட்டு மாதம் முன்பு, தடுப்பூசிக்குப் போனபோது எங்கள் மருத்துவர் எழுதிய குறிப்பைக் காரணம் காட்டுகிறார்கள்: ‘வீட்டில் பராமரிப்பு வேலை தொடங்கியதிலிருந்து எப்போதாவது தட்டுக்கு வெளியே சிறுநீர், தட்டை இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லப்பட்டது.’ தட்டை மாற்றியதும் அது நின்றுவிட்டது. அந்த வரியை நீக்கித் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாமா? வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாமா? இதற்கு முன் காது அழற்சிக்குக் கொடுத்த கிளெய்மிலும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் தந்தார்கள். போராடுவதில் பயன் உண்டா?

பதில்: வணக்கம். அந்த வரியை நீக்கச் சொல்லாதீர்கள். இப்போதைக்கு நிறுவனம் மாறாதீர்கள். போராடுவதில் பயன் உண்டு, ஆனால் அதைத் தொலைபேசியில் செய்யாதீர்கள். கால்நடை மருத்துவராகப் பணியாற்றிய பிறகு, இத்தகைய கிளெய்ம் கோப்புகளைப் படித்து மருத்துவக் கருத்து எழுதும் வேலையைச் சில காலம் செய்தவன் என்ற முறையில், மேசையின் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் உங்கள் ஆத்திரம் குறையாது என்றாலும், அதை எந்த இடத்தில் செலுத்துவது என்று தெரியும்.

செல்லப்பிராணிக் காப்பீட்டில் பெரும்பாலான நிறுவனங்கள் பாலிசியை விற்கும்போது விலங்கின் மருத்துவக் கோப்பைக் கேட்பதில்லை. இனம், வயது, முகவரி ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு சில நிமிடங்களில் பாலிசியைக் கொடுத்துவிடுகிறார்கள். எந்த நோய்க்குப் பொறுப்பேற்பது, எதை விலக்குவது என்ற ஆய்வு, முதல் பெரிய கிளெய்ம் வரும்போதுதான் நடக்கிறது. குட்டியாக இருந்த நாளிலிருந்து எல்லாக் குறிப்புகளையும் கேட்டது அதற்காகத்தான். அதாவது, உங்கள் பூனைக்கு எது காப்பீட்டில் அடங்கும் என்பது, நீங்கள் ஓராண்டு பிரீமியம் கட்டிய பிறகே முதன்முறையாகத் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. இந்த ஏற்பாடு நியாயமானது என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆனால் நடைமுறை இதுதான் என்பதால், இதற்குள் நின்றுகொண்டுதான் வாதாட வேண்டியிருக்கிறது.

கோப்பைப் படிப்பவரிடம் இருப்பது காகிதம் மட்டுமே. உங்கள் பூனையை அவர் பார்த்ததில்லை. உங்கள் மருத்துவரோடு பேசுவதும் அரிது. பிராணி மருத்துவக் குறிப்புகளோ, அடுத்த முறை பார்க்கும் மருத்துவருக்காக அவசரத்தில் எழுதப்படுபவை. நீங்கள் சொன்னதை அப்படியே குறித்துவைப்பதும், மருத்துவர் தம் கையால் தொட்டுக் கண்டறிந்ததும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து நிற்கும். நீங்கள் பேச்சுவாக்கில் சொன்ன தகவல், படிப்பவர் கண்ணுக்கு நோயின் அறிகுறியாகத் தோன்றிவிடுகிறது. உங்கள் கிளெய்ம் முழுவதும் இப்போது அந்த ஒரு வரியில் தொங்குகிறது. அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் வழக்கு. தாமதம், ஆவணக் கெடுபிடி, அலட்சியமான பதில் ஆகிய எல்லாமே உண்மையான குறைகள்தான், அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் மேல்முறையீட்டுக் கடிதத்தில் அவற்றை முன்னால் வைத்தால், படிப்பவர் அவற்றுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு நிராகரிப்பை அப்படியே விட்டுவிடுவார்.

அடுத்து, உங்கள் பாலிசிப் பத்திரத்தை எடுத்து, ‘முன்பே இருந்த நோய்’ என்பதற்கு அதில் தரப்பட்டுள்ள வரையறையைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். விளம்பரப் பக்கத்திலோ சுருக்கத் தாளிலோ உள்ளது போதாது. வரையறைகள் என்ற தலைப்பின் கீழ் இருப்பதே செல்லும். சில பாலிசிகள் ‘கண்டறியப்பட்ட நோய்’ என்று குறுக்கமாகச் சொல்லும். பல பாலிசிகள், நோய் கண்டறியப்பட்டிருக்க வேண்டியதில்லை, அறிகுறி தென்பட்டிருந்தாலே போதும் என்று விரித்துச் சொல்லும். அமெரிக்கக் காப்பீட்டு ஆணையர்களின் தேசியச் சங்கம் 2022-இல் ஏற்றுக்கொண்ட செல்லப்பிராணிக் காப்பீட்டு மாதிரிச் சட்டத்தில் இதற்கு ஒரு வரையறை இருக்கிறது. பாலிசி தொடங்குவதற்கு முன்போ காத்திருப்புக் காலத்திலோ (பாலிசி எடுத்தும் காப்பீடு இன்னும் பொருந்தாத தொடக்க நாள்கள்), அந்த நிலைமைக்காகக் கால்நடை மருத்துவர் ஆலோசனை தந்திருக்க வேண்டும், அல்லது சிகிச்சை நடந்திருக்க வேண்டும், அல்லது சரிபார்க்கத்தக்க ஆதாரத்தின்படி, இப்போது கோரப்படும் நோயோடு நேரடியாகத் தொடர்புடைய அறிகுறி இருந்திருக்க வேண்டும். இந்த விலக்கு பொருந்தும் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது என்றும் அதே சட்டம் சொல்கிறது. மாதிரிச் சட்டம் தானாகவே எங்கும் அமலுக்கு வந்துவிடாது. அதை ஏற்றுக்கொண்ட மாநிலங்களில்தான் செல்லும். ஆனாலும் ‘நேரடியாக’ என்ற அந்தச் சொல்லையும், நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் பத்திரத்தைப் படித்தால், எந்த இடத்தில் பிடி கிடைக்கும் என்பது புலப்படும்.

இனி மருத்துவத்துக்கு வருவோம். உங்களுக்குச் சாதகமாக மட்டும் பேசினால் அது ஆலோசனை ஆகாது. ஆகவே நிறுவனத்தின் வாதத்தை முதலில் அதன் முழு வலிமையோடு சொல்கிறேன். பத்து வயதுக்குட்பட்ட பூனைகள் சிறுநீர் கழிப்பதில் தொல்லையோடு வரும்போது, அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் கல்லோ கிருமித் தொற்றோ இருக்காது. காரணம் புலப்படாத சிறுநீர்ப்பை அழற்சியே இருக்கும். மன அழுத்தம் அதைத் தூண்டுகிறது. வீட்டில் நடக்கும் பராமரிப்பு வேலை அத்தகைய அழுத்தத்துக்குப் பாடப்புத்தக உதாரணம். அது பெரும்பாலும் சில நாளில் தானாகவே அடங்கும், பின்னர் மீண்டும் தலைகாட்டும். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் நுனியில் மிகவும் குறுகியது என்பதால், அந்த அழற்சியில் உண்டாகும் சளியும் படிகங்களும் சேர்ந்து அதை அடைத்துவிடக்கூடும். ஆகவே நிறுவனத்தில் உங்கள் கோப்பைப் படித்த ஆய்வாளர், ‘அன்று இருந்ததும் அழற்சி, இன்று அடைத்ததும் அதே அழற்சி’ என்று கோடு போட்டிருக்கிறார். அது அபத்தமான கோடு அல்ல. ஆனால் அந்தக் கோட்டின் தொடக்கப் புள்ளி ஊகம்.

தட்டுக்கு வெளியே சிறுநீர் கழிப்பது எல்லாப் பூனைகளிலும் நோயின் அறிகுறி ஆகாது. தட்டு அசுத்தமாக இருப்பது, தட்டுக்குப் போகும் வழியில் சத்தமும் அந்நியர்களும் இருப்பது, வேறொரு பூனை வழிமறிப்பது, மூட்டுவலியால் தட்டுக்குள் ஏற முடியாதது என்று இதற்குக் காரணங்கள் பல. சிறுநீர்ப்பை அழற்சி உள்ள பூனை அடிக்கடி போகும், முக்கும், ஒவ்வொரு முறையும் சில சொட்டுகளே வரும், அதில் இரத்தம் கலந்திருக்கலாம், அடிவயிற்றையும் பிறப்புறுப்பையும் இடைவிடாமல் நக்கும். நடத்தைக் காரணத்தால் இடம் மாறிப் போகும் பூனையோ, பெரும்பாலும் அமைதியான ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, வழக்கமான அளவில், வலியின்றிப் போய்விட்டு வரும். அந்த நாள்களை நினைவுபடுத்திப் பாருங்கள். தரையில் கண்டது பெரிய ஒரே குட்டையா, பல இடங்களில் சிறு சிறு சொட்டுகளா? நிறம் எப்படி இருந்தது? நாளுக்கு எத்தனை முறை? அன்று யாருக்காவது செய்தி அனுப்பியிருந்தால், படம் எடுத்திருந்தால், புதுத் தட்டு வாங்கிய ரசீது இருந்தால், அவை தேதியோடு கூடிய சான்றுகள். இன்று நினைவிலிருந்து எழுதும் எந்த விவரத்தையும்விட அவற்றுக்கு மதிப்பு அதிகம். நினைவில் இல்லாததை இருப்பதாக எழுதிவிடாதீர்கள்.

இதற்கு மறுபக்கச் சான்று அவசர மருத்துவமனையின் கோப்பில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியோடு நின்றுவிடாமல், சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கை, எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் அறிக்கை, கதீட்டர் பொருத்தியபோது எழுதிய குறிப்பு ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். அடைப்பை உண்டாக்கியது என்ன என்று அவற்றில் இருக்கும். ஸ்ட்ரூவைட் அல்லது கால்சியம் ஆக்சலேட் கல் கண்டறியப்பட்டிருந்தால் உங்கள் நிலை மிகவும் வலுவானது. ஏனெனில் பராமரிப்பு வேலை நடந்தபோது ஏற்பட்ட சில நாள் தடுமாற்றத்துக்கும், ஒன்றரை ஆண்டுக்கு மேல் கழித்து அகப்பட்ட கல்லுக்கும் நேரடித் தொடர்பு என்று சொல்ல நிறுவனம் மிகவும் சிரமப்பட வேண்டியிருக்கும். கல் இல்லை, சளியடைப்பு மட்டும்தான் என்றால் உங்கள் நிலை அவ்வளவு வலுவானதல்ல. அப்போது வழக்கு முழுவதும் அன்று அழற்சி இருந்ததா என்ற கேள்வியில்தான் நிற்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி உடையவர் உங்கள் வழக்கமான மருத்துவர் ஒருவரே. அவர் உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைக்க வேண்டாம்; அன்று அவர் அதைக் குறிக்காமல் விட்டிருந்தால்தான் அது குறை. அவரிடம் கேட்க வேண்டியது அந்த வரிக்கான விளக்கத்தை. குறிப்பிலிருந்து ஒரு வரியை நீக்குவது, இழப்பீடு பெறுவதற்காக ஆவணத்தைத் திருத்துவது ஆகும், அது மோசடி. பழைய படி ஏற்கெனவே நிறுவனத்திடம் இருக்கிறது. புதிய படியில் அந்த வரி இல்லை என்று தெரிந்த நிமிடத்தில், கிளெய்மோடு பாலிசியும் போகும், மருத்துவரின் பதிவுரிமத்துக்கும் ஆபத்து வரும். ஆனால் இன்றைய தேதியிட்டு, ‘அன்றைய குறிப்புக்கு விளக்கம்’ என்று தனியாக ஒரு பதிவு சேர்ப்பதும், தம் தாளில் கையெழுத்திட்டுக் கடிதம் தருவதும் முறையானவை.

அந்தக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘இந்தப் பூனைக்கு முன்பு எந்த நோயும் இல்லை, கிளெய்மைத் தயவுசெய்து பரிசீலிக்கவும்’ என்ற கடிதங்கள் கோப்பில் வந்து விழுந்துகொண்டே இருக்கும். அவற்றால் எந்த முடிவும் மாறியதில்லை. மருத்துவர் தாம் அன்று என்ன கேட்டார், என்ன பார்த்தார், என்ன நினைத்தார், அதனால் என்ன செய்தார் என்ற வரிசையில் எழுத வேண்டும். ஏறத்தாழ இப்படி: ‘குறிப்பிட்ட தேதியில் இந்தப் பூனை வருடாந்தரத் தடுப்பூசிக்காகக் கொண்டுவரப்பட்டது, சிறுநீர்த் தொல்லைக்காக அல்ல. தட்டுக்கு வெளியே போகிறது என்பது உரிமையாளர் தெரிவித்த தகவல். முக்குதல், இரத்தம், அடிக்கடி போதல் ஆகியவை தெரிவிக்கப்படவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது சிறுநீர்ப்பை இயல்பான அளவில், வலியின்றி இருந்தது. சிறுநீர் மண்டல நோய் எதையும் நான் சந்தேகிக்கவில்லை. அதனால்தான் சிறுநீர்ப் பரிசோதனைக்கோ மருந்துக்கோ பரிந்துரைக்காமல், தட்டின் இடத்தை மாற்றச் சொன்னேன். அதன் பிறகு அந்தப் பழக்கம் நின்றதாக உரிமையாளர் தெரிவித்தார். பின்னர் வந்த வருகைகளில் சிறுநீர் தொடர்பான குறை எதுவும் பதிவாகவில்லை. அந்நிகழ்வு நடத்தை சார்ந்தது என்பதும், தற்போதைய அடைப்போடு நேரடித் தொடர்புடையது அல்ல என்பதும் என் மருத்துவக் கருத்து.’ இதில் எந்த வாக்கியம் உண்மையோ அதை மட்டும் அவர் எழுதட்டும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தது அன்றைய குறிப்பிலேயே இருந்தால், அந்தப் பக்கத்தின் படியையும் இணைக்கச் சொல்லுங்கள். ஆய்வாளர் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு வரி தள்ளி இருந்த ‘வயிறு மென்மை, வலியில்லை’ என்பதைத் தாண்டிப் போயிருக்கலாம்.

பாலிசியில் இன்னொரு விதியையும் தேடுங்கள். குணமாகக்கூடிய நோய் முன்பு இருந்திருந்தாலும், குறிப்பிட்ட காலம் அறிகுறியோ சிகிச்சையோ இன்றிக் கழிந்துவிட்டால் அதை முன்பே இருந்த நோயாகக் கொள்ளமாட்டோம் என்று சில நிறுவனங்கள் எழுதியிருக்கும்; அந்தக் காலம் சிலவற்றில் 6 மாதம், சிலவற்றில் 12 மாதம், சிலவற்றில் 24 மாதம். தட்டுச் சிக்கல் நின்றதிலிருந்து அடைப்பு வரை உங்கள் பூனைக்கு எவ்வளவு காலம் கழிந்தது என்று கணக்கிட்டுப் பாருங்கள். 12 மாத விதி உங்கள் பத்திரத்தில் இருந்தால், அன்று இருந்தது அழற்சியே என்று ஒப்புக்கொண்டாலும்கூட நிராகரிப்பு செல்லாது என்று வாதிடலாம். இதை மாற்று வாதமாக, முதல் வாதத்துக்குப் பின்னால் வையுங்கள்; முன்னால் வைத்தால் நோய் இருந்ததை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

இப்போது நிறுவனத்துக்கு எழுத வேண்டிய கடிதம். முதலில் ஒரு சிறு கடிதம்: நிராகரிப்புக்கு ஆதாரமான பாலிசி விதியின் எண்ணும் முழு வாசகமும், எந்தத் தேதியிட்ட எந்த மருத்துவக் குறிப்பின்மீது முடிவெடுக்கப்பட்டது என்ற விவரமும், முடிவெடுத்தவர் கால்நடை மருத்துவரா என்பதும் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். ஒற்றை வரியில் நிராகரித்த நிறுவனம் இதற்குப் பதில் எழுதும்போதுதான் பல நேரங்களில் கோப்பை இரண்டாவது முறையாகப் படிக்கிறது. சில நிராகரிப்புகள் இந்தக் கட்டத்திலேயே மாறிவிடுவதும் உண்டு. பதில் கிடைத்ததும் மேல்முறையீடு: இரண்டு பக்கத்துக்கு மிகாமல், விதியின் வாசகம், அவர்கள் காட்டும் குறிப்பு, அது ஏன் விதிக்குள் வராது என்பதற்கான மருத்துவரின் கடிதம், அவசர மருத்துவமனையின் அறிக்கைகள் என்ற வரிசையில் போகட்டும். இந்தக் கோப்பை, முன்பு முடிவெடுத்தவரல்லாத வேறொரு கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மூன்று நாள் நீங்கள் பட்ட துயரம் எனக்குப் புரிகிறது. சிறுநீர் அடைத்து இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடக்கூடிய நிலையில் பூனையை விட்டுவிட்டு வீட்டில் காத்திருப்பது எளிதல்ல. ஆனாலும் அதைக் கடிதத்தில் ஒரு வாக்கியத்துக்கு மேல் எழுத வேண்டாம்.

ஆவணங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதைப் பற்றி. எல்லாம் வேண்டுமென்றே நடப்பதாக நான் சொல்லமாட்டேன். வெவ்வேறு நாளில், வெவ்வேறு மின்னஞ்சலில், வெவ்வேறு பெயரிட்ட கோப்புகளாக வருபவை ஒரே கிளெய்ம் எண்ணின் கீழ்ச் சேராமல் போவது அன்றாடம் நடப்பது. ஆனால் அதன் விளைவு நிறுவனத்துக்குச் சாதகமானது என்பதும் உண்மை. பல இடங்களில், கிளெய்மின்மீது முடிவெடுக்க வேண்டிய கெடு, தேவையான கடைசி ஆவணம் கிடைத்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். ஒவ்வொரு புதுக் கேள்வியும் அந்தக் கடிகாரத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவைக்கிறது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி, பக்க எண் இட்டு, முதல் பக்கத்தில் பட்டியல் வைத்து, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கிளெய்ம் எண்ணை எழுதி அனுப்புங்கள். கூடவே, ‘இந்தக் கோப்பு முழுமையானதா? குறைவு ஏதேனும் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே முறையில் தெரிவிக்கவும்’ என்று கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால், நிறுவனத்துக்கு வெளியே புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகும்போது, ஏற்கெனவே கொடுத்ததை மறுபடி கேட்டார்கள் என்பதைக் காட்ட அந்தப் பதில் ஒன்றே போதும்.

தொலைபேசியில் பேச நேர்ந்தால், பேசி முடித்த உடனேயே ‘இன்று இத்தனை மணிக்கு உங்கள் அலுவலர் இன்னவாறு தெரிவித்தார், பிழை இருந்தால் திருத்தவும்’ என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்குத் தம் திரையில் தெரியும் ‘ஆய்வில் உள்ளது’ என்ற சொல்லுக்கு மேல் ஒன்றும் தெரியாது. முடிவெடுப்பவரோடு அவர் பேசியதுகூட இருக்காது. அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

காது அழற்சிக் கிளெய்மில் தொகை குறைந்தது வேறு விவகாரம். அதில் அநேகமாகத் தவறு எதுவும் இருக்காது, ஆனாலும் ஒருமுறை கணக்குப் பார்த்துவிடுங்கள். செல்லப்பிராணிக் காப்பீடு பெரும்பாலும் நீங்கள் கட்டிய பிறகு திருப்பித் தரும் ஏற்பாடு. சட்டத்தின் கண்ணில் வளர்ப்பு விலங்கு பெரும்பாலான நாடுகளில் உடைமை என்பதால், இந்தப் பத்திரத்தின் நடையும் மனிதர்களின் மருத்துவக் காப்பீட்டைவிட வாகனக் காப்பீட்டுக்கே நெருக்கமாக இருக்கும். பில்லிலிருந்து முதலில் காப்பீட்டில் அடங்காத செலவுகள் கழியும்: சில பாலிசிகளில் மருத்துவரின் பரிசோதனைக் கட்டணம், சிறப்பு உணவு, மருந்துக்கடைப் பொருள்கள். பிறகு நீங்களே ஏற்க வேண்டிய டிடக்டிபிள் தொகை. பிறகு உங்கள் சதவீதப் பங்கு. இந்தக் கடைசி இரண்டில் எது முதலில் கழிகிறது என்பதில் வித்தியாசம் வருகிறது. பில் 10,000, டிடக்டிபிள் 2,000, உங்கள் பங்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிடக்டிபிளை முதலில் கழித்தால் மீதி 8,000-இல் 80 சதவீதம், அதாவது 6,400 கிடைக்கும். சதவீதத்தை முதலில் கழித்தால் 8,000-இலிருந்து 2,000 போய் 6,000-தான் கிடைக்கும். எந்த வரிசை என்பது பத்திரத்தில் இருக்க வேண்டும். டிடக்டிபிள் ஆண்டுக்கு ஒருமுறையா, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியா என்பதையும் அதே இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காதுக்கு ஒருமுறை கட்டிவிட்டதால் இனி இல்லை என்று நினைத்திருந்தால் அடைப்புக் கிளெய்மிலும் ஏமாற்றம் வரலாம்.

நிறுவனம் மாறுவது பற்றி. இன்று நீங்கள் எந்த நிறுவனத்துக்குப் போனாலும், இந்த அடைப்பு அங்கே ஐயத்துக்கிடமின்றி முன்பே இருந்த நோய். அதோடு, சிறுநீர்ப்பாதை அடைப்பு ஒருமுறை வந்த ஆண் பூனைக்கு மீண்டும் வருவது அரிதன்று. மறுபடி மறுபடி வந்தால், குறுகிய நுனிப்பகுதியை அகற்றிச் சிறுநீர் வழியை அகலமாக்கும் அறுவைச் சிகிச்சை வரை போக நேரும். ஆகவே இந்த மேல்முறையீட்டில் கட்டிய பில்லைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இன்றைய நிராகரிப்பு அப்படியே நின்றால், உங்கள் பாலிசியில் சிறுநீர்த் தொல்லை நிரந்தர விலக்காகப் பதிவாகிவிடக்கூடும். மேல்முறையீடு வென்றால், இனி வரப்போகும் அடைப்புகளும், பாலிசியின் உச்சவரம்புக்கும் புதுப்பித்தல் விதிகளுக்கும் உட்பட்டு, காப்பீட்டுக்குள் வரும். தொகை சிறியது, போகட்டும் என்று விடத் தோன்றினாலும் விடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். விலக்கு எதுவரை நீள்கிறது என்பதையும் எழுத்தில் கேளுங்கள்: அடைப்புக்கு மட்டுமா, சிறுநீர்ப்பை அழற்சிக்குமா, சிறுநீரகம் உட்பட அந்த மண்டலம் முழுவதற்குமா? வயதான பூனைகளில் சிறுநீரக நோய் மிகவும் பரவலானது. ஒரு தட்டுக் குறிப்பின் பெயரில் சிறுநீரகத்தையும் சேர்த்து விலக்கிவிட்டிருந்தால், அதைத் தனியாகவே எதிர்க்க வேண்டும். உங்கள் வீட்டில் வேறு பிராணி இருந்து அதற்கும் புதிதாகக் காப்பீடு எடுப்பதானால், தொடக்கத்திலேயே மருத்துவக் கோப்பைக் கொடுத்து, எவற்றையெல்லாம் விலக்குவீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் கேட்டால் செய்கின்றன. அந்தப் பதில் பிடிக்காவிட்டால், பாலிசியைத் திருப்பித் தரும் அவகாசம் முடிவதற்குள் விலகிக்கொள்ளலாம்.

மேல்முறையீட்டிலும் மறுத்தால், அதோடு கதவு அடைபடுவதில்லை. பெரும்பாலான நாடுகளில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமோ, குறைதீர்ப்பாளர் அலுவலகமோ, இரண்டுமோ இருக்கின்றன. அவற்றின் பெயரும் முகவரியும் நிராகரிப்புக் கடிதத்தின் அடியிலோ பாலிசியின் கடைசிப் பக்கங்களிலோ இருக்கும். பொதுவாக முதலில் நிறுவனத்துக்குள்ளேயே முறையான புகாராகப் பதிவு செய்து, அதற்கு இறுதிப் பதில் பெற்றிருக்க வேண்டும். அல்லது பதிலின்றிக் கெடு கழிந்திருக்க வேண்டும். உதாரணமாக பிரிட்டனில், நிறுவனம் இறுதிப் பதில் தர 8 வாரம் அவகாசம். அந்தப் பதில் வந்ததிலிருந்து 6 மாதத்துக்குள் நிதித்துறைக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நுகர்வோருக்கு அதில் கட்டணம் இல்லை. மேல்முறையீட்டுக் கடிதத்தின் தலைப்பிலேயே ‘புகார்’ என்ற சொல்லை எழுதுங்கள். ‘மறுபரிசீலனைக்கான வேண்டுகோள்’ என்று மட்டும் எழுதினால், அது புகாராகப் பதிவாகாமல், நிறுவனம் பதில் தர வேண்டிய கெடுவும் தொடங்காமல் போகலாம். குறைதீர்ப்பாளரிடம் போகும்போது மட்டும், இரண்டு மாத அலைக்கழிப்பையும் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் தள்ளிவைத்த அந்தக் குறைகளுக்கு இங்கேதான் இடம். தாமதத்துக்கும் மன உளைச்சலுக்கும் தனியாக இழப்பீடு வழங்கும் அதிகாரம் சில நாடுகளில் அவர்களுக்கு உண்டு.

உங்கள் கடிதத்தில் நிராகரிப்புக் கடிதத்தின் தேதி இல்லை. அதை இன்றே பாருங்கள். நிறுவனத்துக்குள் மேல்முறையீடு செய்யப் பல பாலிசிகளில் தனிக் கெடு உண்டு. அது நீங்கள் நினைப்பதைவிடக் குறுகியதாக இருக்கலாம். மருத்துவரின் கடிதம் கைக்கு வரத் தாமதமாகும் என்று தோன்றினால் அதற்காகக் காத்திருக்காமல், ‘முடிவை ஏற்கவில்லை, விரிவான ஆதாரங்கள் தொடர்ந்து வரும்’ என்று நான்கு வரியில் புகாரைப் பதிவு செய்து, அதற்கான எண்ணை வாங்கிவிட்டு, பிறகு மற்றவற்றைச் சேருங்கள்.